கேள்வி – பதில்: நாய்க்குட்டிக்கு எந்த வகுப்பு?

நாய்க்குட்டிகளைக் கூட்டாக வைத்துப் பழக்கும் வகுப்புகள் பற்றி வன்னியின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, இந்த இதழில் கேள்வி – பதில் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

எங்கட லாப்ரடோர் குட்டிக்கு இப்ப பத்துக் கிழமை. முதல் ஊசி போட்டாச்சு. வவுனியாவில குட்டிகளுக்கு வகுப்பு நடக்குதெண்டு கேள்விப்பட்டு விசாரிச்சால், ‘ஆறு மாதம் ஆனாப் பிறகு கொண்டு வாங்கோ’ எண்டு சொல்லினம். மிருக வைத்தியரோ எல்லா ஊசியும் முடியுமட்டும் படலைக்கு வெளியில விட வேண்டாம் எண்டார். ஆறு மாதம் மட்டும் பொறுக்கிறதோ?
— வாசகி, முள்ளியவளை

பொறுக்க வேண்டாம். உங்களிடம் மிச்சமிருப்பது சில கிழமைகள்தான்.

நாய்க்குட்டி பிறந்து மூன்றாம் கிழமை தொடக்கம் பன்னிரண்டு, பதினான்காம் கிழமை வரைக்கும் புதிதாகக் காண்பதை எல்லாம் ‘இதுவும் உலகத்தில் உள்ளதுதான்’ என்று ஏற்றுக்கொள்ளும். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல், லான்ட்மாஸ்டர் சத்தம், வீதியால் போகும் மாட்டுப் பட்டி, வேறு நாய்கள் — இந்த வயதில் பயமில்லாமல் சந்தித்தவற்றை அது பிறகு பெரிதாக எடுப்பதில்லை. அந்தக் காலம் கழிந்தபின் புதிதாக வரும் எதையும் முதலில் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வளர்ந்தபின் ஆட்களைக் கண்டால் குரைத்துப் பாயும் நாய்களில் பல இந்தக் கிழமைகளை வளவுக்குள்ளேயே கழித்தவை.

ஆறு மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை விடுவது சுலபம். முன்பு நாய் பழக்குவது என்றால் கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டு வெட்டி இழுப்பதுதான். அந்த இழுவையைச் சின்னக் குட்டியின் கழுத்து தாங்காது. ஆகவே ஆறு மாதம் வரை காத்திருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் இயன் டன்பார் என்ற மிருக வைத்தியர் கலிபோர்னியாவில் குட்டிகளைக் கயிறு இல்லாமலே, தீனியும் விளையாட்டும் கொடுத்துப் பழக்கும் வகுப்புகளை நடத்தத் தொடங்கினார். இழுவை இல்லாவிட்டால் காத்திருக்கவும் தேவையில்லை. இன்றைக்கும் ஆறு மாதம் என்று சொல்பவரிடம், ‘ஏன் ஆறு மாதம்?’ என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன முறையில் பழக்குகிறார் என்பது அந்த மறுமொழியில் தெரிந்துவிடும்.

உங்கள் மிருக வைத்தியரின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. குட்டிகளுக்குக் கடும் வயிற்றோட்டத்தைக் கொடுத்துக் கொல்லும் பார்வோ வைரஸ், நோயுள்ள நாயின் மலத்தோடு மண்ணில் விழுந்தால் மாதக் கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம் வரைக்கும் சாகாமல் கிடக்கும். தாய்ப்பாலோடு வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் இருக்குமட்டும் ஊசி மருந்து சரியாக வேலை செய்யாது. அது எப்போது வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அதனால்தான் ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் தொடங்கி, மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை, பதினாறாம் கிழமை வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

இரண்டு பக்கத்தையும் வைத்துப் பார்த்து, விலங்குகளின் நடத்தையில் தேர்ச்சி பெற்ற மிருக வைத்தியர்களின் அமெரிக்கச் சங்கம் 2008இல் ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. முதல் ஊசி போட்டுக் குறைந்தது 7 நாள் சென்றிருக்க வேண்டும். முதலாவது பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்திலும் அடுத்தடுத்த ஊசிகள் தவறக்கூடாது. இப்படியான குட்டி 7, 8 கிழமையிலேயே வகுப்புக்குப் போகலாம் என்பது அதன் முடிவு. ஊசி போட்டு 7 நாள் சென்று, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால் உங்கள் குட்டி இந்தக் கணக்குக்குள் வருகிறது. இனிப் பார்க்க வேண்டியது இடத்தைத்தான். ஊர் நாய்கள் வந்து போகும் திறந்த மைதானம் இந்த வயதுக் குட்டிக்கு ஆகாது. கழுவக்கூடிய சீமெந்துத் தரை, வேலி அடைத்த இடம், வரும் ஒவ்வொரு குட்டியின் ஊசி அட்டையையும் வாசலில் வாங்கிப் பார்க்கும் ஒழுங்கு — இந்த மூன்றும் இருந்தால் உங்கள் மிருக வைத்தியரிடம் இதைச் சொல்லி, திரும்பக் கதைத்துப் பாருங்கள். தரையை முதலில் அழுக்குப் போகக் கழுவி, லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லிலீற்றர் குளோரின் பிளீச் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் பார்வோ சாகும். மண்ணிலும் புல்லிலும் ஊற்றி ஒரு பிரயோசனமும் இல்லை.

வகுப்பு தொடங்குமட்டும் சும்மா இருக்க வேண்டாம். குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டோ, மோட்டார் சைக்கிளில் பெட்டியில் வைத்தோ சந்தைப் பக்கம், பள்ளிக்கூடம் விடும் நேரம், பஸ் நிலையம் என்று காட்டிக்கொண்டு வாருங்கள். நிலத்தில் மட்டும் இறக்காதீர்கள்.

கிளிநொச்சிப் பக்கம் இரண்டு வகுப்பு இருக்கு. ஒன்றில மைதானத்தில இருபது, இருபத்தைந்து நாய் நிற்கும், காசு குறைவு. மற்றது ஒரு வீட்டு வளவில ஆறு குட்டியோட நடக்குது, அதுக்கு இரண்டு மடங்கு காசு. எதைத் தெரிவு செய்யிறது? என்னத்தைப் பார்த்துத் தெரிவு செய்யிறது?
— வாசகர், பரந்தன்

குட்டியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் இரண்டு இடத்துக்கும் ஒவ்வொரு நாள் போய், ஒரு வகுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை இருந்து பாருங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு. பார்க்க விடமாட்டோம் என்று சொல்லும் இடத்தை அத்தோடு விட்டுவிடலாம். பெரும்பாலான நாடுகளில் நாய் பழக்குநர் என்று பலகை மாட்டுவதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. சுவரில் தொங்கும் சான்றிதழை விட உங்கள் கண்ணை நம்பலாம்.

எண்ணிக்கை முக்கியம்தான். ஒரு பழக்குநருக்கு ஆறு குட்டி. கூட ஓர் உதவியாளர் நின்றால் எட்டு. அதற்கு மேல் போனால் ஒவ்வொருவரின் கையையும் கயிற்றையும் அவரால் கவனிக்க முடியாது. குட்டிகளுக்கு நடுவில் இரண்டு மூன்று மீற்றர் இடைவெளியும் கிடைக்காது. இருபத்தைந்து நாய் நிற்கும் மைதானத்தில் குட்டி படிப்பது ஒன்றைத்தான்: மற்ற நாயைக் கண்டால் இழுக்க வேண்டும், குரைக்க வேண்டும். வளர்ந்த நாய்களும் குட்டிகளும் ஒன்றாக நிற்கும் வகுப்பும் வேண்டாம். ஐந்து மாதத்துக்கு உட்பட்டவை தனியாக இருக்க வேண்டும். ஒரு பெரிய நாய் ஒருமுறை அமுக்கிக் கடித்தாலே சில குட்டிகளுக்கு ஆயுள் முழுக்க நாய்ப் பயம் போகாது.

எண்ணிக்கை சரியென்றாலும் வகுப்பு சரியென்று ஆகாது. அங்கே போய் இருந்ததும், கூட்டத்தில் கதிரைக்குக் கீழே பதுங்கியிருக்கும் குட்டி எது என்று தேடுங்கள். அநேகமாக ஒன்று இருக்கும். வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், காது பின்னால் மடிந்திருக்கும், நித்திரை வராமலே கொட்டாவி விடும், மூக்கை நக்கும், மூக்கடியில் கோழித் துண்டைப் பிடித்தாலும் முகத்தைத் திருப்பும். இனிப் பழக்குநரைப் பாருங்கள். தெரிந்தவர் என்றால் அந்தக் குட்டிக்குக் கிட்டப் போக மாட்டார். மற்றக் குட்டிகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துவார். கதிரைக்கு முன்னால் ஒரு சாக்கையோ பலகையையோ மறைப்பாக வைப்பார். உரிமையாளரிடம் தீனித் துண்டுகளை நிலத்தில் மெதுவாகப் போட்டுவிட்டுப் பேசாமல் இருக்கச் சொல்வார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு மூக்கு வெளியே வரும். தெரியாதவர், ‘பழகட்டும்’ என்று சொல்லிக் கயிற்றில் இழுத்து நடுவில் விடுவார். மற்றக் குட்டிகள் மேலே ஏறும். இதைக் கண்டால் அந்த வகுப்பின் மிச்சத்தைப் பார்க்கத் தேவையில்லை.

விளையாட விடும் நேரத்தையும் கவனியுங்கள். நல்ல விளையாட்டில் துரத்துவதும் ஓடுவதும் மாறி மாறி வரும். கீழே கிடந்தது அடுத்த நிமிடம் மேலே இருக்கும். இடையிடையே இரண்டும் நின்று மூச்சு வாங்கும். ஒன்றே எந்நேரமும் மேலே நின்றால் பழக்குநர் மேலே நிற்பதைப் பிடித்துக்கொண்டு, கீழே இருந்ததை விட்டுப் பார்க்க வேண்டும். அது திரும்ப வந்து சீண்டினால் விளையாட்டு. ஓடிப் போய் உரிமையாளரின் காலுக்குள் நின்றால் அதற்குப் போதும் என்று அர்த்தம். இந்தச் சோதனையைச் செய்து காட்டும் பழக்குநர் கிடைத்தால் காசு கூட என்று யோசிக்காதீர்கள்.

கயிறு யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். பழக்குநர் குட்டியைத் தன் கையில் வாங்கி எல்லாவற்றையும் வடிவாகச் செய்து காட்டினால் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். ஆனால் குட்டி அவருக்குத்தான் பழகும். வகுப்பின் வேலை உங்களைப் பழக்குவது. குட்டி குந்தின அந்த ஒரு விநாடிக்குள் தீனி கொடுத்தீர்களா, அது எழும்பின பிறகு கொடுத்தீர்களா என்று உங்கள் பிழையைத் திருத்துபவர் வேண்டும். எழும்பின பிறகு கொடுத்தால் எழும்பியதற்குத்தான் சம்பளம் கொடுத்திருக்கிறீர்கள். சொல்லிக் கொடுக்கும் விதமும் மரியாதையாக இருக்க வேண்டும். உரிமையாளர்களை ஏசும் பழக்குநரிடம் மூன்றாம் கிழமையோடு ஆட்கள் வராமல் விடுவார்கள்.

நேரமும் இடமும் எங்கள் வெயிலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வெயில் காலத்தில் காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். காண்டாவனம் நேரத்தில் மாலை ஐந்துக்கும் சீமெந்து ஆறியிருக்காது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் தாங்காது. நாக்கை முழுக்க வெளியே தள்ளி இளைப்பது, வீணீர் ஒழுகுவது, முரசு கடும் சிவப்பாவது, தள்ளாடுவது எல்லாம் வெப்பம் தாக்கியதற்கு அடையாளம். உடனே நிழலுக்குத் தூக்கி, வயிற்றிலும் பாதங்களிலும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் அதனதன் தண்ணீர்க் கோப்பை இருக்க வேண்டும். பொது வாளி வேண்டாம். மாரி காலத்தில் வெள்ளம் தேங்கும் வளவிலும் வயல் கரையிலும் நடக்கும் வகுப்பில் எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. அந்தக் கிருமி எலியின் சிறுநீரோடு தண்ணீரில் வரும். நாய்க்கும் வரும், ஆளுக்கும் வரும். மிதிவெடி அகற்றல் அறிவித்தல் பலகை இன்னும் நிற்கும் காணிகளுக்கு அருகே, வேலி இல்லாத இடத்தில் வகுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம். குட்டி எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல ஏலாது.

கடைசியாகப் பழக்குநரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தீனி வாங்காத குட்டியை என்ன செய்வீர்கள்? போன தடவை இடையில் நின்றவர்கள் ஏன் நின்றார்கள்? முதல் கேள்விக்குத் ‘தூரத்தைக் கூட்டுவேன், வேறு தீனி பார்ப்பேன்’ என்ற மாதிரி மறுமொழி வர வேண்டும். இரண்டாவதற்கு ‘ஒருவரும் நிற்கவில்லை’ என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

இரண்டில் ஒன்று என்றால் நாங்கள் அந்த வீட்டு வளவைத்தான் சொல்வோம். ஆனால் அதையும் முதலில் போய்ப் பாருங்கள். வழக்கமாக இப்படியான வகுப்பு கிழமைக்கு ஒருநாள், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம், ஆறு கிழமை நடக்கும்.

பழக்குநர் இறுக்குச் சங்கிலி வாங்கி வரச் சொல்லுறார். ‘நாய்க்குப் பயம் இருந்தாத்தான் சொல்வழி கேட்கும், ஆமிக்காரரும் பொலிசும் அப்பிடித்தான் பழக்கிறவை’ எண்டும் சொன்னார். உண்மையோ?
— வாசகர், செட்டிகுளம்

வாங்க வேண்டாம். கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, அந்த வகுப்பை விடுங்கள்.

இறுக்குச் சங்கிலியை வெட்டி இழுக்கும்போது மூச்சுக் குழாயும் கழுத்து நரம்பும் நசியும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். குட்டியின் குருத்தெலும்புக்கு இன்னும் மோசம். அதைவிட மோசமானது அது படிக்கும் பாடம். தூரத்தில் ஒரு பிள்ளை வருகிறது, குட்டி அதைப் பார்க்கிறது, அதே நேரம் கழுத்து இறுகுகிறது. நீங்கள் நினைப்பது ‘இழுத்ததற்குத் தண்டனை’ என்று. குட்டி நினைப்பது ‘பிள்ளை வந்தால் கழுத்து நோகும்’ என்று. உறுமினால் அடிக்கும் முறையிலும் இதுதான் நடக்கும். உறுமல் என்பது எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் பயம் அப்படியே கிடக்க, எச்சரிக்கை மட்டும் இல்லாமல் போகும். பிறகு ‘ஒரு சத்தமும் இல்லாமல் கடிச்சுப் போட்டுது’ என்பார்கள்.

ஆமிக்காரர் கதைக்கு மறுமொழி எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. வன்னியில் மிதிவெடி அகற்றலில் மோப்ப நாய்களும் வேலை செய்திருக்கின்றன. வெடிமருந்தின் மணத்தைக் கண்டதும் அசையாமல் குந்தியிருக்கும் வேலை அது. பிழை விட்டால் ஆளின் உயிர் போகும். அப்படிப்பட்ட நாய்களைப் பழக்குவது பந்தும் பாராட்டும் கொடுத்துத்தான். பயந்த நாய் மணம் தேடாது, கையாளுபவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

வகுப்புக்கு வேண்டிய சாமான் கொஞ்சம்தான். இரண்டு விரல் உள்ளே போகும் அளவுக்குத் தளர்வான பட்டையான கழுத்துப் பட்டி, அல்லது நெஞ்சோடு பூட்டும் வார். ஒன்றரை முதல் இரண்டு மீற்றர் நாடாக் கயிறு (இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டாம், கூட்டத்தில் காலைச் சுற்றும்). படுக்க ஒரு சாக்கு. இடுப்பில் கட்ட ஒரு சின்னப் பை.

எங்கட குட்டி வீதியில எடுத்த ஊர்க் குட்டி. வகுப்பு சாதி நாய்களுக்குத்தானாம். அதுக்குப் பழக்க ஏலாதோ?
— வாசகி, புதுக்குடியிருப்பு

ஏலும். தாய் நாயோடும் கூடப் பிறந்தவையோடும் வீதியில் வளர்ந்த குட்டிக்கு மற்ற நாய்களின் சைகை நன்றாக விளங்கும். இதில் அது பல சாதிக் குட்டிகளை விட முன்னுக்கு நிற்கும். பின்னுக்கு நிற்பது இரண்டு விஷயத்தில்: ஆட்கள் கை நீட்டினால் விலகும், நிலத்தில் கிடப்பதை எல்லாம் விழுங்கும். இரண்டும் திருத்தக் கூடியவை. வகுப்புக்கு முன் சொறி, உண்ணி, தெள்ளு, குடற்பூச்சி நான்கையும் மிருக வைத்தியரிடம் காட்டிச் சுத்தமாக்குங்கள். ஊர்க் குட்டியைச் சேர்க்க மாட்டோம் என்பவருக்கு நாய்களைப் பற்றித் தெரிந்தது குறைவு என்றுதான் நாங்கள் எடுப்போம்.

துணுக்காய், மல்லாவிப் பக்கம் ஒரு வகுப்பும் இல்லை. கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ கிழமைக்குக் கிழமை கொண்டு போக வசதியும் இல்லை. நாங்களே ஏதும் செய்யலாமோ? யானை விரட்டப் போடுற வெடிக்கும் எங்கட குட்டி நடுங்குது.
— வாசகர், மல்லாவி

செய்யலாம். கிட்டத்தட்ட ஒரே வயதில் குட்டி வைத்திருக்கும் நான்கைந்து வீட்டார் சேர்ந்தால் போதும். ஊசி அட்டை எல்லோரிடமும் இருக்க வேண்டும். வேலி அடைத்த, ஊர் நாய் வராத ஒரு முற்றத்தைப் பிடியுங்கள். வயிற்றாலே போகிற, சத்தி எடுக்கிற குட்டி அன்றைக்கு வரக்கூடாது. வருவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன் சாப்பாட்டை நிறுத்துங்கள். வாகனத்தில் சத்தி எடுக்காது, தீனிக்கும் ஆசை இருக்கும்.

தீனி மென்மையாக, பட்டாணி அளவில் இருக்க வேண்டும். உப்பு, வெங்காயம் போடாமல் அவித்த கோழி நெஞ்சு, கோழி ஈரல், முள் எடுத்த மீன் நல்லது. கருவாடு மணம் பிடிக்கும், ஆனால் உப்பு அதிகம். ஒரு நாளைய தீனியெல்லாம் சேர்த்து அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வயிற்றாலே போகும்.

முதல் கிழமை பெயர் மட்டும். ஒருமுறை பெயரைச் சொல்லி, திரும்பிப் பார்த்த கணம் தீனி. பெயரை நான்கு தடவை கூப்பிடாதீர்கள். நான்காம் தடவைதான் திரும்ப வேண்டும் என்று அது படித்துக்கொள்ளும். அடுத்து ‘இரு’, ‘படு’. தீனியை மூக்குக்கு மேலே மெதுவாகப் பின்னால் கொண்டு போனால் தானாகக் குந்தும். இடுப்பை அமுக்கத் தேவையில்லை. மூன்றாம் கிழமை தொடக்கம் ‘வா’. நான்காவதில் இழுக்காமல் நடப்பது: கயிறு இறுகினால் நீங்கள் நின்றுவிடுங்கள், தளர்ந்தால் நடவுங்கள். ஐந்தாவதில் ‘விடு’. வன்னியில் கோழி, ஆடு வளர்க்காத வீடு குறைவு. நாயின் உயிரைக் காப்பாற்றுவது இந்த ஒரு சொல்தான். மூடிய கைக்குள் தீனியை வைத்து, குட்டி நக்கிப் பிறாண்டி முடித்து மூக்கை எடுத்ததும் மற்றக் கையால் வேறு தீனி கொடுங்கள். பிறகு திறந்த கை, பிறகு நிலம், பிறகு பத்து மீற்றர் தள்ளி நிற்கும் கோழி. கோழியில் தொடங்கினால் தோற்பீர்கள். ஆறாம் கிழமை எல்லாவற்றையும் கலந்து செய்யுங்கள். ஒவ்வொரு நாளும் காது, வாய், விரலிடுக்கு மூன்றையும் தொட்டுப் பார்த்துத் தீனி கொடுப்பதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். உண்ணி பார்க்க அது வேண்டும்.

சந்திப்பில் ஒரு பயிற்சி மூன்று முதல் ஐந்து நிமிடம்; பிறகு சாக்கில் படுத்து ஓய்வு. வீட்டிலும் அப்படித்தான்: ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. அரை மணித்தியாலம் ஒரேயடியாகச் செய்தால் கடைசி இருபது நிமிடமும் குட்டி பிழையைத்தான் பழகும்.

யானை வெடிக்கு: வெடிச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து, உங்களுக்கே கேட்குமோ கேட்காதோ என்ற அளவில் வைத்துக்கொண்டு தீனி கொடுங்கள். சத்தம் முதலில், தீனி பிறகு. குட்டி சாப்பிடாமல் நின்றால் சத்தம் கூடிவிட்டது, குறையுங்கள். சில நாளுக்கு ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். உண்மையில் வெடி போடும் இரவுகளில் வெளியே கட்டி வைக்காதீர்கள். பயத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடும். உள்ளே எடுத்து அணையுங்கள். பயந்த நாயை அணைத்தால் பயம் கூடும் என்ற கதை பிழை.

வகுப்பில எல்லாம் செய்யுது. வீட்டு வளவில கூப்பிட்டால் திரும்பியும் பார்க்குதில்லை. வகுப்பு பிழையோ, குட்டி பிழையோ?
— வாசகி, மாங்குளம்

இரண்டும் இல்லை. ஓர் இடத்தில் படித்ததை இன்னோர் இடத்துக்கு நாய் தானாகக் கொண்டு போகாது. வகுப்பில் ‘வா’ என்பது அந்தத் தரை, அந்தப் பை, அந்த ஆட்கள் எல்லாம் சேர்ந்த ஒன்று. வீட்டில் முதலில் இருந்து தொடங்க வேண்டும். ஆனால் இந்தத் தடவை கெதியாகப் பழகும்.

அறைக்குள் இரண்டு மீற்றரில் தொடங்குங்கள். பெயரும் ‘வா’வும் ஒரே ஒருமுறை. சொல்லிக்கொண்டே பின்னால் நடவுங்கள். விலகிப் போகிறதைக் குட்டி துரத்தும். வந்ததும் முதலில் கழுத்துப் பட்டியைத் தொடுங்கள், பிறகு தீனி, பிறகு திரும்ப விளையாட விடுங்கள். பட்டியைத் தொடாமல் தீனி மட்டும் கொடுத்தால், பறித்துக்கொண்டு கைக்கு எட்டாமல் ஓடும் வித்தையைப் படிக்கும். ஐந்தில் நான்கு தடவை வந்தால் தூரத்தைக் கூட்டுங்கள். இரண்டு தடவை பிழைத்தால் முன்னைய தூரத்துக்குத் திரும்புங்கள். அறை, விறாந்தை, முற்றம், பிறகு பத்து மீற்றர் நீளக் கயிற்றோடு வளவு. குளிப்பாட்டவும் கட்டவும் ‘வா’ என்று கூப்பிடாதீர்கள். அதற்குப் போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘வா’, பிள்ளைகள் ‘இங்க வாடா’, அம்மம்மா ‘சூ சூ’ என்றால் குட்டிக்கு மூன்று மொழி.

ஒரு மாதம் தன்னட்டை விடச் சொல்லி, பழக்கித் தாறன் எண்டு ஒருவர் கேட்கிறார். விடலாமோ?
— வாசகர், நெடுங்கேணி

குட்டியை விட வேண்டாம். அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது அவர் சொன்னால் கேட்கும், உங்களிடம் பழையபடிதான். புதியதை எல்லாம் குட்டி ஏற்றுக்கொள்ளும் என்று முதல் மறுமொழியில் சொன்ன கிழமைகளில் அந்த மாதம் வந்தால் இழப்பு இன்னும் பெரிது.

வகுப்பில பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குட்டியின்ர பல் கீறி இரத்தம் வந்திட்டுது. சின்னக் குட்டிதானே, ஒன்றும் செய்யாதெண்டு விட்டிட்டினம். பயப்பட வேணுமோ?
— வாசகி, ஒட்டுசுட்டான்

இதை வாசித்தவுடன் அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் போய்ச் சொல்லுங்கள். நாள் சென்றிருந்தாலும் ஆசுப்பத்திரிக்குப் போக வேண்டும். விசர் நோய் சின்னக் குட்டிக்கும் வரும். கீறலாலும் தொற்றும். அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்ற வழியில்லை. அதற்கு முன் போடும் ஊசி காப்பாற்றும். அரசாங்க ஆசுப்பத்திரியில் அது இலவசம். ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும், அயலவர்கள் வேண்டாம்.

இனி எப்போதாவது பல் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கோப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக்கூடாது. குட்டியை விரட்டவோ கொல்லவோ கூடாது. கட்டி வைத்து, வைத்தியர் சொல்லும் நாள் வரைக்கும் கவனித்து, சாப்பாடு எடுக்காவிட்டாலோ வீணீர் வடிந்தாலோ நடை மாறினாலோ உடனே அறிவிக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி எப்போது, எங்கே போடுகிறார்கள் என்று சொல்வார். மூன்று மாதக் குட்டிக்கு அது போட்டிருக்க வேண்டும், பிறகு வருடாவருடம். ஆசுப்பத்திரிக்குப் போகும்போது குட்டியின் ஊசி அட்டையைக் கையோடு கொடுத்துவிடுங்கள்.